பல்லும் சொல்லும்: வாய்நலத்தின் உயிரியல்



மொழியியல் பயின்ற ஒருவர் பல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தலைப்பை எவரும் நமக்குத் தரவில்லை. நாமே கேட்டுப் பெற்றோம். அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மூத்த தமக்கையாரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் எழுபது வயதைக் கடந்தவர், தமிழும் மலாயும் நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் அறியார். மருத்துவர் பொறுமையாக, படம் வரைந்து, ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு எம்மை நோக்கி, “தமிழில் சொல்லுங்கள்” என்றார். மொழியைப் பயின்றும் பயிற்றுவித்தும் வாழ்நாளைக் கழித்த எம் நாவில் அந்நேரம் வந்த தொடர் இதுதான்: “அக்கா, ஈறுல பூச்சி இருக்காம். அடிக்கடி வந்து சுத்தம் பண்ணணுமாம்.” அக்காள் சிரித்தார். “பூச்சி இருந்தா வலிக்குமே தம்பி. எனக்கு வலியே இல்லையே” என்றார். அடுத்த சந்திப்புக்கு அவர் போகவில்லை. ஓராண்டுக்குள் கீழ்வாயின் முன்பற்கள் நான்கும் ஆடி விழுந்தன.

மருத்துவர் கூறியதில் பிழையில்லை. அக்காள் கூறியதும் தருக்கத்திற்குப் பொருந்தியதே; பூச்சி என்றால் அரிக்கும், அரித்தால் வலிக்கும். நாம் தேர்ந்த சொல்தான் அவரை வழிதவறச் செய்தது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று இந்த அவையில் முறையாகச் சொல்ல முயல்கிறோம்.

பிறப்பியலில் பல்

பல்லுக்கும் மொழிக்குமுள்ள உறவை நம் இலக்கண மரபு தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், ஒலி பிறப்பதற்குத் துணைபுரியும் எட்டு இடங்களைக் கூறுகிறது. தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் முதலெழுத்தும், ‘வணக்கம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தும் பல்லைத் தொட்டே வெளிவருகின்றன.

களப்பணி செய்யும் மொழியியல் மாணவர்க்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. பற்கள் குறையாதவரையே தகவலாளராகக் கொள்ளவேண்டும் என்பது எம் காலத்துக் களப்பணி விதிகளுள் ஒன்று. 1980களில் முனைவர்ப்பட்ட ஆய்வுக்காகத் தோட்டப்புற முதியோரின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்துவந்தோம். பால்மரம் சீவிக் குடும்பத்தைக் காத்த ஒரு மூதாட்டியார் கதை சொல்வதில் வல்லவர். ஆனால் முன்பற்கள் இல்லை. பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். காரணம் கேட்டபோது, “பூச்சி அரிச்சிருச்சு, டிரெசரு புடுங்கிட்டாரு” என்றார். நாம் குறிப்பேட்டில் ‘தகரம், வகரம் தெளிவில்லை’ என எழுதி, அவர் பெயரைத் தகவலாளர் பட்டியலிலிருந்து நீக்கினோம். அவர் கூறிய ‘பூச்சி’யை மட்டும் வட்டார வழக்காகக் குறித்துக்கொண்டோம். அச்சொல்லுக்கும் அவர் வாய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிப்பார்க்க எமக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பூச்சி என்னும் கோட்பாடு

பல்லைப் பூச்சி அரிக்கிறது என்பது தமிழர்க்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. மெசபடோமியாவின் களிமண் பலகைகளில், பல்லில் குடியேறும் புழுவை ஓட்டும் மந்திரம் காணப்படுகிறது. சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் சொத்தைப் பல்லைப் ‘பூச்சிப் பல்’ என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். மலாயில் ‘உலாட் கிகி’ என்றால் பற்புழு. இந்நாட்டில் நாம் எந்த மொழியில் பேசினாலும் அந்தப் பழைய புழு நம்முடன் இருக்கிறது.

அதை விரட்டும் முறையும் ஒத்திருந்தது. தமிழகத்தில் கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு அதன் புகையை வாயில் பிடித்தனர். ஐரோப்பாவில், அதே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்பேன் என்னும் செடியின் விதையை எரித்துப் புகைபிடித்தனர். சூட்டில் வெடித்த விதையிலிருந்து தெறிக்கும் வெண்ணிற முளைக்கருவைப் பார்த்தோர், புழு விழுந்தது என்றே நம்பினர். 1728இல் பல் மருத்துவ நூலொன்றை வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார், நுண்ணோக்கியால் தேடியும் அத்தகைய புழுவைத் தாம் காணவில்லை என்று எழுதினார்.

நம் ‘சொத்தை’ என்னும் சொல்லிலும் இக்கோட்பாடு ஒளிந்திருக்கிறது. சொத்தைக் கத்தரிக்காய் என்கிறோம். அதை அரிந்தால் உள்ளே புழு இருக்கும். அதே சொல்லைப் பல்லுக்கு வழங்கும்போது புழுவும் உடன் வந்துவிடுகிறது. இதனால் விளையும் தீங்கு யாது? பூச்சி வெளியிலிருந்து வருவது, அது வந்தது நம் தலையெழுத்து, வந்தபின் பல்லைப் பிடுங்குவதே தீர்வு, வராதவரை அஞ்சவேண்டியதில்லை. ஒரு சொல் இத்தனை முடிவுகளையும் நம்மைக் கேளாமலே எடுத்துவிடுகிறது.

ஊத்தைக்குள் ஒரு குடியிருப்பு

வாயில் உண்மையில் வாழ்வது எது என்பதை முதலில் கண்டவர் ஒரு துணி வணிகர். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹூக், 1683இல் லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதிய மடலில், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்பொருளைத் தாமே செய்த நுண்ணோக்கியால் பார்த்ததை விவரித்தார். நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர். ஆயினும் அந்த வெண்பொருளில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்துவதையும் சுழல்வதையும் கண்டார். தம் வாயிலுள்ள உயிர்கள் தம் நாட்டு மக்கள்தொகையினும் மிகுதி என்று வியந்தார். காடியால் வாய் கொப்பளித்துப் பார்த்தபோது, படிவின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன.

இந்தக் கடைசிச் செய்தி மிக முதன்மையானது. வாய் நுண்ணுயிர்கள் தனித்தனியாக அலைந்து திரிபவை அல்ல, கூட்டமாகக் குடியிருப்பவை. பல்லைத் துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மீது மெல்லிய உறையாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் முதற்குடிகளான பாக்டீரியாக்கள் அதில் ஒட்டுகின்றன. அவற்றின்மீது வேறு இனங்கள் ஒட்டுகின்றன. அவை சுரக்கும் பசை அனைத்தையும் பிணைத்து ஒரு படலமாக்குகிறது. உயிரியலார் இதனை உயிர்ப்படலம் என்பர். பல் மருத்துவத்தில் பற்படலம் என்று பெயர். நம் பாட்டிமார் இதற்கு வைத்த பெயர் ‘ஊத்தை’. துலக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் படிந்து அது கல்லாக இறுகும், அதுவே காரை. காரை ஏறியபின் தூரிகையால் அதை அகற்ற இயலாது; மருத்துவரின் கருவி வேண்டும்.

மனித வாய்களில் இதுவரை ஏறத்தாழ 700 வகை நுண்ணுயிர்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. புதிய நோய்க்கிருமிகள் இடம்பிடிக்காமல் தடுத்து உதவுவனவும் உண்டு. ஆதலால் வாயை முற்றாகக் கிருமியற்றதாக்குவது இயலாது. அது வேண்டியதும் அன்று. அந்தக் குடியிருப்பின் நிலை குலையும்போதுதான் நோய் தோன்றுகிறது.

அமிலமும் உமிழ்நீரும்

பல் எவ்வாறு சொத்தையாகிறது என்பதைச் சோதனையால் விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர். பிடுங்கிய பற்களை ரொட்டியும் உமிழ்நீரும் கலந்த கலவையில் உடல் வெப்பநிலையில் வைத்தார். பற்கள் தம் தாதுவை இழந்து மென்மையாயின. நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து அமிலமாக்க, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் வெளியான தம் நூலில் நிறுவினார். 1924இல் லண்டனில் ஜே. கிலியன் கிளார்க், சொத்தைப் பற்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் உருவம் மாறி மாறித் தோன்றியதால், ‘மாறுவது’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். சர்க்கரையைக் கொண்டு ஒட்டும் பசையையும் அமிலத்தையும் ஒருங்கே ஆக்குவதில் அது கைதேர்ந்தது. சொத்தைக்கு அது ஒன்றே காரணமன்று. அமிலத்தைத் தாங்கி வாழவல்ல வேறு இனங்களும் அதனோடு சேர்கின்றன.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் 96 விழுக்காடு தாதுவால் ஆனது. நம் உடலில் இதனினும் கடினமான பொருள் இல்லை. ஆயினும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் அதன் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், குழி விழுந்தபின் அது மீண்டும் வளராது.

ஆனால் குழி விழுவதற்கு முந்திய நிலையில் மீட்சி உண்டு. 1940களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன், இனிப்பு நீர் பட்ட சில நிமிடங்களிலேயே படலத்தின் அமிலத்தன்மை கூடுவதையும், பழைய நிலைக்கு மீள அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆவதையும் அளந்து காட்டினார். அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைப் பல்லுக்குத் திருப்பித் தருவது உமிழ்நீர். நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்நீர் உறக்கத்தில் மிகக் குறைந்துவிடுகிறது. இரவில் துலக்காமல் படுப்பது காலையில் துலக்காமல் இருப்பதினும் கெடுதியாவது இதனால்தான். முதியோர் உட்கொள்ளும் மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைப்பவை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

எனவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை இனிப்பு என்பதும் பெருங்கேள்வியாகிறது. ஸ்வீடனின் விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1945 முதல் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உணவோடு உண்ட சர்க்கரை சொத்தையைச் சிறிதளவே கூட்டியது. உணவுகளுக்கு இடையே தின்ற ஒட்டும் மிட்டாய் மிகப் பெரிதாகக் கூட்டியது. அறிவு வளர்ச்சி குன்றியோரை அவர்தம் இசைவின்றி அந்த ஆய்வுக்கு உட்படுத்தினர் என்பதை மறவாமல் அவ்வுண்மையைப் பயன்படுத்துவது நம் கடன்.

நம் வாழ்வுக்கு வருவோம். கெட்டிப்பால் கலந்த ஒரு குவளைக் கோப்பியைப் பத்து நிமிடத்தில் அருந்தி முடித்தால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதையே மேசைமேல் வைத்துக்கொண்டு காலை முழுவதும் மிடறு மிடறாக அருந்தினால் உமிழ்நீருக்கு மூச்சுவிடவும் நேரமில்லை. மறுபுறம், நம்மை அறியாமலே நமக்குக் கிடைத்த காப்பும் ஒன்றுண்டு. 1950களின் பிற்பகுதி முதல் சிங்கப்பூரின் குழாய்நீரில் சிறிதளவு ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. ஃபுளோரைடு இருக்கும்போது திரும்பிப் படியும் தாது, முன்னதைவிட அமிலத்தை நன்கு தாங்குகிறது. பற்பசையிலுள்ள ஃபுளோரைடின் பணியும் இதுவே.

வலியின்றி விழும் பல்

அக்காளின் பற்களைக் கொண்டுபோனது சொத்தையன்று, ஈறுநோய். இரண்டையும் ‘பூச்சி’ என்ற ஒரே பெயரில் அடக்கியது எம் பெரும் பிழை.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோவும் அவர்தம் குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். ஏறத்தாழ 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் நலமடைந்தன. வெளியிலிருந்து எந்தப் பூச்சியும் வரவில்லை. அவர்கள் வாயிலேயே இருந்த ஊத்தை வளர்ந்தது, அவ்வளவே.

ஈற்றோரத்தில் ஊத்தை தங்கும்போது உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் குருதி கசிகிறது. இந்நிலை நீடித்தால் சிலர்க்கு ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகிறது. நலமான ஈற்றின் இடுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமே உடையது. அது ஆழமாகும்போது உள்ளே காற்றுப் புகாமல், உயிர்வளியை வெறுக்கும் இனங்கள் பெருகுகின்றன. அவற்றோடு பொருதும் நம் உடலின் எதிர்ப்பே நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. கிருமியும் உடலும் சேர்ந்து செய்யும் அழிவு இது. கொடுமை யாதெனில், இது பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதோர்க்கு ஈறுநோய் முற்றுகிறது. முற்றிய ஈறுநோய் குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் இதை வீடுதோறும் சொல்லவேண்டும். புகைப்போர்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. புகை, ஈற்றின் குருதிக் கசிவைக் குறைத்து நோயின் அடையாளத்தையே மறைத்துவிடும்.

பல் விழுந்தபின் அக்காள் எம்மிடம் கூறியது: “அந்த எடத்துல தேச்சா ரத்தம் வந்துச்சு தம்பி. புண்ணாயிடும்னு அங்க மட்டும் தேய்க்கிறத விட்டுட்டேன்.” எங்கே கூடுதலாகத் துலக்கியிருக்க வேண்டுமோ, அங்கேயே நிறுத்திவிட்டார். குருதி கசிவதன் பொருளை அவருக்கு எவரும் தமிழில் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் அருகில்தான் அமர்ந்திருந்தார்.

சொல்லைத் திருத்துவோம்

மொழிக்கழக மேடையில் நிற்பதால் சொல்லைப் பற்றியே சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ‘பல் துலக்குதல்’, ‘பல் விளக்குதல்’ என்னும் வழக்குகள். இரண்டும் ஒளிபெறச் செய்தல் என்னும் பொருளுடையவை, பாத்திரத்தையும் விளக்குகிறோம். ஆகவே நம் கை, கண்ணாடியில் தெரியும் முன்பற்களின் முகப்பை நாடுகிறது. நோய் தொடங்கும் இடமோ பல்லும் ஈறும் கூடும் ஓரமும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையும் ஆகும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்குப் பரிந்துரைக்கும் நம் பழமொழியின் பயனும், குச்சியின் நார் ஊத்தையைத் தேய்த்துக் கலைத்ததில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. குடியிருப்பைக் கலைப்பதே பணி. வெண்மை அதன் உடன்விளைவு.

இரண்டாவது, ‘பால் பல்’. “விழப்போகிற பல்தானே” என்று அதன் சொத்தையைப் பொருட்படுத்தாத பெற்றோர் பலர். பால் பல்லின் அடியில்தான் நிலைப்பல் வளர்கிறது. சீழ் பிடித்தால் அதுவும் கேடுறும். மேலும், ஆறு வயதளவில் முதல் நிலைக் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமலே வரிசையின் பின்னால் முளைக்கிறது. எதுவும் விழவில்லையாதலால் அதையும் பால் பல் என்றே எண்ணிக் கைவிடுகிறோம். வாழ்நாள் முழுவதும் உணவை அரைக்கவேண்டிய அப்பல்லுக்கு ‘ஆறு வயதுப் பல்’ என்று வீட்டில் ஒரு பெயர் வழங்கினால் நன்று.

மூன்றாவது, ‘பூச்சி’. இதற்கு மாற்றாகப் ‘பற்படலம்’ என்று அச்சில் எழுதலாம். பேச்சில் ‘ஊத்தை’யே போதும். அது இழிசொல் அன்றோ என்று தயங்குவோர் உண்டு; ஏசுவதற்கு அதைப் பயன்படுத்துவதும் உண்மையே. ஆயினும் அது பாட்டிக்கும் பேரனுக்கும் புரிகிறது. பல்லின்மேல் படிவது, நாள்தோறும் சேர்வது, கையால் நீக்கக்கூடியது என்னும் மூன்று உண்மைகளையும் தன்னுள் கொண்டிருக்கிறது. சொற்கள் பொருள் மாறக்கூடியவை என்பதையும் நாம் அறிவோம். ‘கிருமி’ என்னும் சொல்லே வடமொழியில் புழுவைக் குறித்தது. இன்று நுண்ணுயிரைக் குறிக்கிறது. ‘பூச்சி’யும் ஒருநாள் அவ்வாறு மாறலாம். ஆனால் அந்த நாள் வரும்வரை பற்கள் காத்திரா.

மருத்துவமனைகளுக்குப் பெற்றோருடன் செல்லும் இளையோர் இந்த அவையில் பலர் உள்ளீர். நம் முதியோர்க்கு நீங்களே மொழிபெயர்ப்பாளர்கள். மருத்துவர் கூறுவது புரியவில்லையெனில் மீண்டும் கேளுங்கள். சொல் கிடைக்கவில்லையெனில் நடப்பதை அப்படியே விளக்கிச் சொல்லுங்கள். ஒற்றைச் சொல்லைத் தேடி அவசரப்பட்டதே நாம் செய்த தவறு.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது இது: “அக்கா, பல்லும் ஈறும் சேர்ற எடத்துல ஊத்தை தங்கி, ஈறு வீங்கியிருக்கு. அதனாலதான் ரத்தம் வருது. வலிக்காது, ஆனா உள்ள எலும்பு கரைஞ்சுக்கிட்டே வரும். ரத்தம் வர்ற எடத்துலதான் மெதுவா, நல்லாத் தேய்க்கணும். டாக்டரு காரையை எடுத்துவிட்டா மிச்சப் பல்லு நிக்கும்.”

இச்சொற்களைப் பின்னர் அக்காளிடம் கூறினோம். அமைதியாகக் கேட்டார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். இப்போது மருத்துவரிடம் தவறாமல் செல்கிறார். எஞ்சிய பற்கள் நிலைத்திருக்கின்றன. முன்பல் இல்லாத வாயால் அவர் எம்மைத் ‘தம்பி’ என்று அழைக்கும்போதெல்லாம், அந்த முதலெழுத்து சற்றே குழைந்து வருவதை நாம் கேட்கிறோம்.